மார்கிட்டம்மா மேல் கட்டிய பிராது

ஊரைவிட்டுப் போகிறவர்களிடம் பொருள் கேட்பதை எங்கள் தெருவில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வாத்தியார் மாற்றலாகிப் போனாலும் சரி, போலீஸ்காரர் குடும்பம் வீட்டைக் காலி செய்தாலும் சரி, மூட்டை கட்டும்போதே நாலு பேர் வாசலில் போய் நிற்போம். ஆவணி முடிந்ததும் மார்கிட்டம்மா நார்வேக்குத் திரும்பிப் போகிறார் என்று சிந்தாமணி வாயை விட்டதுதான் தாமதம், ஆளாளுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். சைக்கிள் ஒருத்திக்கு. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒருத்திக்கு. நீல வாளிக்கு இரண்டு பேர் சண்டை. அந்த அம்மாளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கிளம்புவதற்கு வாரக்கணக்கில் நாள் இருக்கும்போதே பாதி வீடு கைமாறிவிட்டது. கொடுத்த சைக்கிளையே தினமும் காலையில் இரவல் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்.

நான் கேட்டது கொசுவலை. வெட்கமெல்லாம் படவில்லை. என் பெண்ணைக் கொசு கடித்தால் அடிக்க அவளுக்குக் கை வராது. கேட்ட அன்றைக்கே கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டார்.

மார்கிட்டம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் கை கால் வராதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல், விருத்தாசலத்தில் இருக்கிற ஊனமுற்ற பிள்ளைகள் மையத்துக்கு வந்தார். மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை, நாலு பாய், அங்கே ஆயாவாக இருக்கிற சிந்தாமணி, அவ்வளவுதான். காலையில் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்பார். தன் துணியைத் தானே கல்லில் அடித்துத் துவைப்பார், அதில் பாதி அழுக்கு அப்படியே இருக்கும். வெயிலில் முகம் சிவந்துபோய் சைக்கிளில் வீடு வீடாக வருவார். பேரைச் சரியாகச் சொல்ல வராத கடைத்தெரு அவரை மார்க்கெட்டம்மா என்றது. அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

என் பெண்ணின் பெயர் கொளஞ்சி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். பிறந்தபோது அழவில்லை. அழாத பிள்ளைக்கு மூளைக்குக் காற்று போகவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது ஆறு வயது. கால்கள் விறைத்து, குதிகால் மேலே ஏறிக்கொண்டு, கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மார்கிட்டம்மா வந்து அந்தப் பின்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். அந்த வருஷம் ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்கு கழிந்து வந்த வாரம், என் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருந்தன. எதிர்வீட்டு ஆட்டைப் பார்த்து என்னவோ சொன்னாள். நான் வேலைக்குப் போகாமல் அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

அது சும்மா வரவில்லை. தினமும் காலையில் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முன்கையில் சாய்த்து, மேல்நோக்கித் தள்ளி, இருபது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம். நரம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி வலிக்குமாம். கொளஞ்சி வீடு அதிரக் கத்துவாள். பிடித்திருப்பது மார்கிட்டம்மா, ஆனால் என்னைப் பார்த்துத்தான் கத்துவாள். "ம்மா, ம்மா, போதும்மா." நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

எனக்கும் சொல்லித் தந்தார் மார்கிட்டம்மா. வந்த மாதத்திலிருந்தே தந்தார். நான் பிடிப்பேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன், பெண் என் முகத்தைப் பார்ப்பாள், என் கை தானாகத் தளர்ந்துவிடும். அஞ்சு வரைக்கும் போனதில்லை. நான் பீங்கான் பொம்மை யூனிட்டில் பினிஷிங் வேலை செய்கிறவள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி வைப்பேன். கொஞ்சம் அழுத்தினால் பொம்மையின் கழுத்து கையோடு வந்துவிடும். இத்தனை வருஷம் அழுத்தாமலே பழகிய கை என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல என்று மார்கிட்டம்மாவுக்கும் தெரியும்.

"நீ விடுற. கால் ஜெயிக்குது" என்பார் கோபமாக. பிறகு மெதுவாக, "நான் போனா யாரு?" என்பார்.

அதுதான் கேள்வி. மையத்துக்கு அடுத்து வருவதற்கு ஆள் இல்லை. சிந்தாமணிக்கு இடுப்பு வலி, குனிந்தால் நிமிரமாட்டாள். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர், பீங்கான் லோடு ஏற்றிக்கொண்டு போனால் நாலு நாள் கழித்துத்தான் வருவார். புதுச்சேரியில் பெரிய டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: விட்டுவிட்டால் குதிகால் மறுபடி ஏறிவிடும், அப்புறம் கத்திதான், அதுவும் நிச்சயமில்லை. வளர்கிற பிள்ளை, வளர வளர இழுக்கும் என்றார்.

ஒரு நாள் மார்கிட்டம்மா காலில் விழுந்தேன். நாடகமெல்லாம் இல்லை, வேறு வழி தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருங்கள், உங்களுக்குச் சமைத்துப் போடுகிறேன், துணி துவைக்கிறேன், பொண்ணு நடந்ததும் போங்கள் என்றேன். என்னைத் தூக்கி உட்காரவைத்து, தன் பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பனியில் நின்று சிரித்தாள்.

"என் பொண்ணு. மொதல் குழந்தை. புருஷன் இல்ல, போயிட்டான்" என்றார். "நான் போகணும், மகேஸ்."

"உங்க ஊர்ல பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்குதுங்க. நர்ஸுங்க இருப்பாங்க. நீங்க எதுக்கு?" என்று கேட்டேன். கேட்கக்கூடாததுதான். தலைப்பிரசவத்துக்கு எங்கள் அம்மா வீட்டில் நான் எப்படிக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்தும் கேட்டேன்.

"பொண்ணுக்கு அம்மா வேணும். எந்த ஊர்லயும்" என்றார். நான் அந்தப் போட்டோவிலிருந்த பெண்ணை வெறுத்தேன். முகம் தெரியாதவளை அப்படி வெறுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்குள் என் வீட்டுக்காரர் தன் வழியில் ஒரு காரியம் செய்திருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர், சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து வைத்து, "பிராது கட்டிட்டேன்" என்றார்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது ஸ்டேஷனில் புகார் கொடுக்கிற மாதிரிதான். இன்ன ஊர், இன்ன பேர், இன்னாரால் எனக்கு இன்ன குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடுவார். வழக்கு வேண்டாம் என்றால், கட்டினவரே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து முடிக்க வேண்டும். கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது.

"யாரு மேல கட்டுனீங்க?" என்றேன்.

"அந்தம்மா மேலதான். ஊருக்குப் போவக் கூடாதுன்னு."

நகையைத் திருடினவன்மேல் கட்டுவார்கள். வரப்பை நகர்த்தினவன்மேல் கட்டுவார்கள். சம்பளம் வாங்காமல் உபகாரம் செய்த மனுஷிமேல் பிராது கட்டியது உலகத்திலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருக்கும். அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மூட்டுக் காய்ச்சல் வந்த வருஷம். சிக்குன்குனியா என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் இளந்தாரிப் பையன்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். யூனிட்டில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. எங்கள் தெருவை அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே மார்கிட்டம்மாவுக்கும் காய்ச்சல் கண்டது. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்திய நாள் சிந்தாமணி ஓடிவந்தாள்.

"ஏம்மா மகேசு, கட்டுலவுட்டு எறங்க முடியலடி அந்தம்மாவால. புழுவாட்டம் சுருண்டு கெடக்குது. ஏரோப்ளேன் டிக்கெட்டு போச்சு."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். சாமி கண் திறந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிற்கவில்லை. காய்ச்சல் விட்டது, மூட்டு விடவில்லை. மார்கிட்டம்மாவின் விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் நின்றன. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவார், பாதி மார்மேல் கொட்டும். கக்கூசுக்குப் போக சிந்தாமணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்தால் கசப்புக்கு முகம் சுளிக்கக்கூட அந்த அம்மாளுக்குத் தெம்பில்லை. ஆள் இங்கேயேதான் இருந்தார், ஊருக்குப் போகவில்லை. நாங்கள் கேட்டதும் அதுதானே. பிள்ளையின் காலைக் கேட்காமல் அந்த அம்மாளைக் கேட்டோம், சாமி அந்த அம்மாளைக் கொடுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

கொளஞ்சிக்குக் கால் பிடிக்க ஆள் இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன், பழையபடி நாலு எண்ணுவதற்குள் விட்டேன். வாரக் கடைசியில் அவளை ஜன்னலோரம் நிறுத்தியபோது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. அடுத்த வாரம் இரண்டு விரல் நுழைந்தது. நிற்கப் பிடிக்காமல் சரிந்து சரிந்து விழுந்தாள். அந்த நினைப்போடுதான் வேலைக்குப் போனேன். எத்தனை பொம்மையை உடைத்தேன் என்று மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் மார்கிட்டம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். செல்போன் அடித்தது. அவரால் எடுக்க முடியவில்லை. பட்டனை அமுக்கி நானே அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மகள். முதலில் ஏதோ பேசினாள், பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். போன் என் கையில் இருந்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது. அந்த பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அம்மாவைக் கேட்டு அழுகிற அழுகையை நானும் அழுதிருக்கிறேன். மார்கிட்டம்மா குரலை மட்டும் திடமாக வைத்துக்கொண்டு பேசினார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து என் விரலை நனைத்தது. துடைத்துக்கொள்ள அவர் கை எழவில்லை.

போன் வைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிராது, வேல், விபூதி, நான் சந்தோஷப்பட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. புரியாத இடத்தில் சிந்தாமணி வேறு வார்த்தை போட்டு விளக்கினாள். அவளுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

மார்கிட்டம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். "கொசு, மகேஸ்" என்றார். "கொசு கடிச்சது. சாமி இல்ல."

"கொசுவலையையும் நான்தாங்க வாங்கினு போனேன்."

அதற்கு அந்த அம்மாள் சிரித்தார். சிரிக்கும்போது தோள் வலித்து, சிரிப்பு பாதியில் முனகலாகிவிட்டது. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்துக் கேட்டார், "அந்தப் பேப்பர். எடுக்க முடியுமா?"

"எடுக்கலாங்க."

"எடுத்துடு" என்றார். சாமி இல்லை என்று சொன்ன அதே வாய்தான். இருக்கிற எல்லாக் கதவையும் தட்டுகிற நிலைமைக்கு அவரும் வந்துவிட்டார். என் நிலைமை அது, எனக்குத் தெரியாதா.

அன்று மாலை என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். முடியாது என்றார்.

"ராஜினாமா குடுத்தா அந்தம்மா எழுந்து போயிடும். அப்பறம் புள்ளைக்கு யாரு?"

"இங்க கெடந்து மட்டும் புள்ளைக்கு என்னா செய்றாங்க? டம்ளர் புடிக்க முடியலங்க அவங்களால."

"ரெண்டு மாசம், மூணு மாசத்துல கை சரியாவும். எல்லாருக்கும் சரியாவுது. இங்கயே இருந்தாங்கன்னா மறுபடி செய்வாங்க. போயிட்டாங்கன்னா செய்வாங்களா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பொறுத்திருந்தால் போதும். வேலில் அந்தத் தாள் இருக்கிறவரை மார்கிட்டம்மா எங்கள் ஊரில்தான். கை சரியாகும், சைக்கிளில் வருவார், குதிகால் மறுபடி தரையில் படும். அங்கே பனியில் ஒருத்தி ஒண்டியாகப் பெற்றுக்கொள்வாள். பெற்றுக்கொள்ளட்டுமே. உலகத்தில் எத்தனை பேர் ஒண்டியாகப் பெறுகிறார்கள். அவள் பிள்ளை நடக்கும், என் பிள்ளைதானே நடக்காது. இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அந்த அழுகைதான் காதில் கேட்டது. என் விரல் ஈரமாக இருப்பது போலவே இருந்தது.

"எடுத்துடுங்க" என்றேன். "அந்தப் பொண்ணுக்கு அவங்க ஒருத்திதான் அம்மா. நம்ம புள்ளைக்கு நான் இருக்கேன். கை காலு நல்லா இருக்குற அம்மா."

"நீயா?" என்று திரும்பினார். "அஞ்சு எண்றதுக்குள்ள உட்டுட்டு அடுப்பங்கரைக்கு ஓடுவ."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்று சொன்னார்: "சாமி முன்னாடி நின்னு சொல்லு, இருபது வரைக்கும் புடிப்பேன்னு. தெனமும் புடிப்பேன்னு. சொல்றியா, எழுதிக் குடுத்துடறேன். சொல்லலன்னா அந்தத் தாளு அங்கயே கெடக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் மினி லாரியிலேயே மணவாளநல்லூர் போனோம். கொளஞ்சியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். நான் சந்நிதி முன்னால் நின்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லும்போது உள்ளே ஒன்றும் இல்லை, காலிப் பானை மாதிரி இருந்தது. என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், கொளஞ்சியப்பருக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் சொல்லிவிட்டேன். இடுப்பிலிருந்தவள் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து நேராக மார்கிட்டம்மாவிடம் போனேன். "கத்துக்குடுங்க. எனக்குப் புடிக்கத் தெரியணும்" என்றேன்.

"உனக்குத் தெரியும்" என்றார். "விடாம இருக்கத்தான் தெரியல." யோசித்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து தன் காலை நகர்த்தி நகர்த்தி வெளியே நீட்டினார். கணுக்கால் வீங்கி மினுமினுத்தது. "என் கால்ல செய். இதுவும் அப்படித்தான் வலிக்குது. நான் கத்துவேன். நீ விடாதே."

"பாவங்க, வேணாம்" என்றாள் சிந்தாமணி.

பிடித்தேன். குதிகாலை ஏந்தி, பாதத்தை முன்கையில் சாய்த்து, மேலே தள்ளினேன். மார்கிட்டம்மா தன் பாஷையில் கத்தினார். கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டார். நான் எண்ணினேன். பத்தைத் தாண்டியது. விடு, விடு என்று தமிழில் கெஞ்சினார். சிந்தாமணி என் தோளைப் பிடித்து இழுத்தாள். பதினைந்தைத் தாண்டியது. இருபதில் விட்டேன். எனக்கு வேர்த்து வழிந்தது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி. சரியா செஞ்ச. இன்னொரு கால்" என்றார்.

கிளம்புகிற வரைக்கும் தினமும் இது நடந்தது. அடுத்தவர் கால் என்பதால்தான் முடிகிறது என்று எனக்குப் புரிந்தே இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்: "கொளஞ்சி கத்துறப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆவாதாங்க?"

"ஆகும்" என்றார். "சைக்கிள்ல அழுவேன். சைக்கிள்ல யாரும் பாக்கல."

வெயிலுக்குச் சிவந்த முகம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நானும்தான். உங்களுக்கென்ன, பெற்றவளா என்று மனசுக்குள் எத்தனை தடவை பேசியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாமி விட்டதோ, காய்ச்சலின் கணக்கு முடிந்ததோ, மார்கிட்டம்மாவால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. மகளுக்கு வலி எடுக்கிற வாரம் நெருங்கிவிட்டது என்று புது டிக்கெட் வாங்கினார். என் வீட்டுக்காரர்தான் மினி லாரியில் முன்சீட்டில் உட்காரவைத்து ஜங்ஷனுக்குக் கொண்டுபோனார். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் ஓடிவந்து கை காட்டினார்கள். ஊதிப்போன விரலை அந்த அம்மாள் நெற்றி வரைக்கும்கூடத் தூக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். பிளாட்பாரத்தில் கொளஞ்சியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், கை தாங்கவில்லை. குனிந்து பிள்ளையின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். ரயில் வந்துவிட்டது. ஏற்றி உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கம்பிக்கு உள்ளேயிருந்து, "விடாதே, மகேஸ்" என்றார்.

ரயில் போனபிறகும் கொளஞ்சி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கிட்டம்மாவை அவள் மாக்கி என்றுதான் கூப்பிடுவாள். "மாக்கி எப்ப வரும்?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

மறுநாள் காலையில் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். குதிகாலை ஏந்திப் பாதத்தை மேலே தள்ளினேன். சிரிப்பு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. "ம்மா" என்றாள், நான் விட்டுவிடுவேன் என்கிற தைரியத்தில். நாலு. அஞ்சு. ஆறு. விடவில்லை என்று தெரிந்ததும் அவள் கண் அகலமாகத் திறந்தது. நான் யார் என்று யோசிக்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பதினொன்று. பன்னிரண்டு. தளரப் பார்த்த கைக்கு முட்டியால் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். ஒன்றும் பலிக்காமல் போகவே என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, திறந்திருந்த வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மாக்கி. மாக்கி, வா. அம்மா அடிக்குது."

அடிக்கவில்லையடி என்று சொல்ல வாய் துடித்தது. வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும். எண்ணிக்கொண்டிருந்தேன்.